நாற்பது பிள்ளைகள், ஆறு கிலோ மாவு

வாசகர் கேள்வி – பதில்

கென்யாவின் மேற்கு மேட்டுநிலத்தில், எல்டொரெட், கிட்டாலே ஊர்களைச் சுற்றிச் சபைகளும் மிஷன்களும் நடத்தும் பிள்ளைகள் இல்லங்களைப் பற்றி வாசகர்கள் கேட்டவை இங்கே. சிலர் அங்கே ஊழியத்துக்குப் போக இருப்பவர்கள், சிலர் இங்கிருந்து பணம் அனுப்புகிறவர்கள். இல்ல நிர்வாகம், சமையலறை, மருந்தலமாரி மூன்றையும் அறிந்தவர்கள் பதில் சொல்கிறார்கள். கணக்கெல்லாம் 40 பிள்ளைகள், 6 பணியாளர்கள் உள்ள ஓர் இல்லத்துக்கு.

*

எங்கள் சபையில் கென்யாவுக்கென்றே காணிக்கை சேர்த்து வைத்திருக்கிறோம். எல்டொரெட் பக்கம் புதிதாக ஓர் இல்லம் தொடங்க எத்தனை ஏக்கர் நிலம் வேண்டும்? – பாளையங்கோட்டை வாசகர்

நிலம் பார்ப்பதை நிறுத்துங்கள். புதிய இல்லங்களைப் பதிவு செய்வதைக் கென்ய அரசு 2017 நவம்பரிலேயே நிறுத்தி வைத்தது. 2022-இல் வந்த குழந்தைகள் சட்டமும், 2022 முதல் 2032 வரைக்கான பராமரிப்புச் சீர்திருத்தத் திட்டமும் போகிற திசை ஒன்றுதான். பிள்ளை வளர வேண்டிய இடம் உறவினர் வீடு. அது முடியாவிட்டால் வளர்ப்புக் குடும்பம், முஸ்லிம்களிடையே கஃபாலா (தத்தெடுக்காமல் பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பது), தத்து. இல்லம் கடைசிப் புகலிடம், அதுவும் கொஞ்ச காலத்துக்கு. 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. இதில் நமக்கு வருத்தப்பட ஒன்றுமில்லை. இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள். அவர்களைப் பிரித்தது பெரும்பாலும் வறுமை.

சேர்த்த பணத்துக்கு வேலை இருக்கிறது. ஏற்கெனவே பதிவு பெற்ற இல்லம் ஒன்றில் சமூகப் பணியாளர் ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். அவர் கிராமம் கிராமமாகப் போய் உறவினரைத் தேடப் பயணச் செலவு கொடுங்கள். கூரை ஒழுகுவதால் பேரனை அனுப்பிவிட்ட பாட்டிக்குத் தகரம் வாங்கிக் கொடுங்கள். கட்டடத் திறப்பு விழாவில் இருக்கும் மகிழ்ச்சி இதில் இருக்காது, புகைப்படமும் நன்றாக விழாது. பிள்ளைக்கு உதவுவது இதுதான்.

ஆள் அனுப்புவதானால், சமய, அறநிறுவனப் பணியாளர்களுக்கான ‘ஐ’ வகைப் பணி அனுமதி எடுக்க வேண்டும். 2024 ஜனவரியில் விசாவுக்குப் பதிலாக வந்த மின்னணுப் பயண அனுமதியில் போய் இறங்கி, “சம்பளம் வாங்கவில்லையே, சும்மா உதவிதானே செய்கிறேன்” என்று சொல்ல முடியாது. சம்பளமில்லாத வேலையும் அங்கே வேலைதான்.

இரவில் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையை வாசலில் கொண்டுவந்து விட்டால் என்ன செய்வது? திருப்பி அனுப்ப மனம் வருமா? – நாகர்கோவில் வாசகி

திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் வெறுமனே சேர்த்துக்கொள்ளவும் கூடாது. பிள்ளையைக் கொண்டுவந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், செல்பேசி எண், எந்த இடத்திலிருந்து எப்படி வந்தார்கள் என்பதை அவர் நிற்கும்போதே எழுதி வாங்குங்கள். அவர் போன பிறகு யோசித்தால் கிடைக்காது. பிறகு காவல் நிலையத்தில் நிகழ்வுப் பதிவேட்டில் ஏற்றி அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே எல்லோரும் அதை ‘ஓ.பி. நம்பர்’ என்பார்கள். துணை மாவட்டக் குழந்தைகள் அலுவலருக்குச் சொல்ல வேண்டும். அலுவலகம் மூடியிருந்தால் குழந்தைகளுக்கான இலவசத் தொலைபேசி 116 இருக்கிறது. பிள்ளை இல்லத்தில் தொடர்ந்து தங்குவதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். போதகர் கொடுத்த கடிதமோ கிராமத் தலைவர் கொடுத்த சீட்டோ அதற்கு ஈடாகாது.

அன்று இரவே செய்ய வேண்டியவை சில உண்டு. எடை, உயரம், உடலில் உள்ள காயங்கள், போட்டிருந்த உடை, கையிலிருந்த பொருள் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். அந்தப் பழைய உடையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், துவைத்துப் பெயரெழுதி வையுங்கள். சொந்த ஊரைக் கண்டுபிடிக்கச் சில நேரம் ஒரு பள்ளிச் சீருடையின் நிறம் போதும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள பிள்ளையானால் மேற்கையின் சுற்றளவை நாடா வைத்து அளக்க வேண்டும். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடும் ஊட்டக்குறை. அந்தப் பிள்ளைக்கு வயிறு நிறையப் போட்டுவிடக் கூடாது. பட்டினி கிடந்த உடம்பு திடீரென்று வரும் உணவைத் தாங்காமல் இதயம் வரை பாதிக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

சமையல் பொறுப்பில் போகிறேன். நான் திருச்சியில் விடுதிச் சமையல் பார்த்தவள். அங்கே என்ன சமைப்பார்கள், எவ்வளவு போட வேண்டும்? – திருவெறும்பூர் வாசகி

முதலில் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்டொரெட் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய நம் கொடைக்கானல் உயரம். தண்ணீர் அங்கே 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே திருச்சியில் ஒரு மணி நேரத்தில் வேகும் பயறு அங்கே ஒன்றரை மணி நேரமானாலும் கடிபடும். “விறகு சரியில்லை” என்று சமையல்காரர் மேல் பழி போடாதீர்கள். பயறை முந்தின இரவே ஊறவைப்பதுதான் வழி. சிலர் மகாடி எனப்படும் ஏரி உப்பை ஒரு சிட்டிகை போட்டுச் சீக்கிரம் மசிய வைப்பார்கள். மசியும், ஆனால் தயாமின் என்ற பி1 சத்து போய்விடும். தினமும் பயறையே நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் வேண்டாம்.

காலையில் ‘உஜி’. பெயர்தான் புதிது, நம் கூழ்தான். அங்கே ‘விம்பி’ என்பது கேழ்வரகு. அந்தத் தானியத்துக்குப் பிறந்த வீடே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான். 46 பேருக்கு 14 லிட்டர் கூழ் வேண்டும். கேழ்வரகும் மக்காச்சோளமும் கலந்த மாவு 1 கிலோ 750 கிராம் முதல் 2 கிலோ வரை. முந்தின நாள் மாலை மாவைக் கரைத்துப் புளிக்க விட்டால், இரும்புச் சத்தை உடம்பு எடுக்க விடாமல் தடுக்கும் பைட்டேட் குறையும். புளிப்புக் கூழ் பிள்ளைகளுக்கும் பிடிக்கும். பாலைக் காய்ச்சும்போதே ஊற்றினால் திரியும். இறக்கிய பிறகு, காய்ச்சிய பாலைத் தனியாகச் சேர்க்கவும்.

மதியம் விடுமுறை நாட்களில் ‘கிதேரி’. மக்காச்சோள மணியும் பயறும் சேர்த்து வேகவைத்தது. 46 பேருக்கு உலர்ந்த சோளம் மூன்றரை கிலோ, பயறு 2 கிலோ. இரண்டையும் தனித்தனியாக 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். சிவப்பு ராஜ்மா வகையானால் புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும், அதன் பிறகுதான் தீயைக் குறைக்கலாம். அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் லெக்டின், சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் கொண்டுவரும். கொதிக்காமல் இளஞ்சூட்டிலேயே நெடுநேரம் கிடந்த பயறு, வேகவைக்காத பயறைவிட மோசம். விறகை மிச்சம் பிடிக்கிறேன் என்று இரவெல்லாம் தணலில் விட்டு வைப்பதுதான் அங்கே நடக்கும் தவறு.

இரவில் ‘உகாலி’. மக்காச்சோளக் களி என்றால் புரியும். மாவு 6 கிலோ, தண்ணீர் 12 லிட்டர். ஒரு லிட்டரைத் தனியே கொதிக்கவைத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், மில்லில் அரைத்த முழுமாவு கூடுதலாகக் குடிக்கும். கொதிக்கும் தண்ணீரில் மாவை மூன்று நான்கு தவணையாகப் போட்டு, கட்டி தட்டாமல் மரத்துடுப்பால் பாத்திரத்தின் சுவரில் அழுத்தி அழுத்திக் கிளற வேண்டும். ஓரம் விட்டு வந்து, வறுத்த சோள வாசனை எழுந்ததும் மூடி வைத்து 5 நிமிடம் தணலில் விட்டால் முடிந்தது. 6 கிலோவையும் ஒரே பாத்திரத்தில் கிளற இரண்டு ஆள் பலம் வேண்டும். இரண்டு பாத்திரமாகப் பிரித்துக்கொள்வது புத்திசாலித்தனம். களியில் உப்புப் போடுவதில்லை, தொட்டுக்கொள்ளும் கீரையில்தான் உப்பு.

கீரைதான் நீங்கள் மகிழப்போகும் இடம். வழக்கமாகக் கிடைப்பது ‘சுகுமா விக்கி’ என்ற கேல் வகை இலை. ஒரு வேளைக்கு ஐந்து கிலோ, எண்ணெய் 500 மில்லி, தக்காளி, வெங்காயம். ஆனால் சந்தையில் ‘மனாகு’ என்று கேளுங்கள், நம் மணத்தக்காளியின் நெருங்கிய சொந்தம் வரும். ‘தெரெரே’ என்றால் தண்டுக்கீரை இனம். ‘குண்டே’ என்பது காராமணி இலை. ‘சாகா’ என்பது நம் வயல் வரப்பில் களையாக முளைக்கும் நல்வேளை. கசக்கும், பாலில் வேகவைத்துக் கசப்பைப் போக்குவார்கள். இவையெல்லாம் கேலைவிட இரும்புச்சத்து மிகுந்தவை, நான்கு வரி நிலம் இருந்தால் இல்லத்திலேயே வளரும்.

இரும்பைப் பற்றி இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. பொட்டலத்தில் விற்கும் மக்காச்சோள மாவில் இரும்பும் வைட்டமினும் சேர்க்க வேண்டும் என்று 2012 முதல் கென்யாவில் சட்டம். இல்லங்கள் செலவைக் குறைக்கச் சோளம் வாங்கிப் ‘போஷோ’ மில்லில் அரைக்கின்றன. அந்த மாவில் எதுவும் சேர்க்கப்படுவதில்லை. மிச்சம் பிடித்த பணத்தில் ஒரு பகுதி பயறுக்கும் கீரைக்கும் ‘ஒமெனா’வுக்கும் போக வேண்டும். ஒமெனா என்பது விக்டோரியா ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன், நம் நெத்திலிக் கருவாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மணல் மிகுதி. வெந்நீரில் போட்டு இரண்டு மூன்று முறை அலசி, பிறகே வதக்குங்கள். தேநீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுங்கள், இரும்பு சேருவதை அது தடுக்கிறது.

சாம்பார் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மிளகாயைக் குறைத்து, வாரத்துக்கு ஒரு நாள் வையுங்கள். விருந்து நாளில் அவர்கள் எதிர்பார்ப்பது சப்பாத்தி, அதை நாம் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இந்தியர்கள் கொண்டுபோய் விட்டு வந்து பல தலைமுறை ஆகிறது.

மக்காச்சோளத்தை மொத்தமாக வாங்கி வைத்தால் மலிவா? – தூத்துக்குடி வாசகர்

மலிவுதான், உலர்ந்ததாக இருந்தால். அந்தப் பகுதியில் அறுவடை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அப்போது விலை இறங்கும், ஆனால் மழையில் அறுத்த சோளம் ஈரமாக வரும். ஈரச்சோளத்தில் பூஞ்சை ஏறி அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 2004-இல் மகுவேனி, கிட்டுயி முதலிய பகுதிகளில் இந்த நஞ்சேறிய சோளத்தால் 125 பேர் இறந்தார்கள். வேகவைத்தாலும் அரைத்தாலும் அது போகாது.

ஈரப்பதம் 13.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கருவி இல்லையென்றால் உப்புச் சோதனை செய்யலாம். காய்ந்த கண்ணாடிப் புட்டியில் ஒரு பிடி சோளமும் ஒரு கரண்டி காய்ந்த உப்பும் போட்டு இரண்டு மூன்று நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் வைத்துப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் சோளம் ஈரம், சுமார் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டாலும் இன்னும் ஓரிரு நாள் தார்ப்பாயில் காயவைத்துவிட்டே மூட்டை கட்டுங்கள், வெறும் மண்தரையில் வேண்டாம். மாதம் 180 கிலோ, அதாவது 90 கிலோ மூட்டை இரண்டு, உகாலிக்கு மட்டும் ஆகும். கிதேரிக்குத் தனி. மூட்டைகளைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி அடுக்குங்கள். காற்றுப்புகாத உள்ளுறை கொண்ட பைகள் அங்கே எளிதாகக் கிடைக்கின்றன. வண்டு மூச்சுமுட்டிச் சாகும், மருந்து தூவ வேண்டாம். ஆனால் ஈரச்சோளத்தை அதில் கட்டினால் பூஞ்சைக்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. நிறம் மாறிய, பொடிந்த மணிகளைப் பொறுக்கிக் கொட்டுங்கள். கோழிக்கும் போடாதீர்கள், அது முட்டை வழியாகத் திரும்பி வரும்.

மழைநீர்த் தொட்டி ஒன்று நன்கொடையாகக் கொடுக்க நினைக்கிறோம். 5,000 லிட்டர் போதுமா? – கோவை வாசகர்கள்

துவைக்க, குளிக்க, சமைக்க எல்லாம் சேர்த்து ஆளுக்கு 20 லிட்டர் என்று சிக்கனமாகப் போட்டாலும் நாளுக்கு 920 லிட்டர். 5,000 லிட்டர் ஐந்தரை நாளில் காலி. ஆகவே தொட்டி ஒன்றானால், குடிநீருக்கும் சமையலுக்கும் மட்டுமென்று பூட்டி வையுங்கள். நிரம்புவது சிரமமில்லை. 200 சதுர மீட்டர் தகரக் கூரையில் 30 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போக 4,800 லிட்டர் கிடைக்கும். ஒரு மாலை மழை போதும்.

தொட்டிக்குப் பணம் கொடுக்கிறவர்கள் கூரைத்தாழ்வாரக் குழாய்க்குக் கொடுக்க மறந்துவிடுகிறார்கள். முதல் மழையைத் தள்ளிவிடும் குழாயும் வேண்டும். கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வெளியே போக வேண்டும். பறவை எச்சமும் தூசியும் அதில்தான். கிருமி நீக்க, 5,000 லிட்டருக்கு 65 முதல் 70 சதவீத வீரியமுள்ள குளோரின் தூள் 15 கிராம். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் எடுத்து அதில் தூளைப் போட்டுக் கரைத்து, தெளிந்த பிறகு மேல்நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்துக் குழாயில் பிடித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் தண்ணீர் கலங்கியிருக்கிறது, அல்லது தூள் பழையது. காய்ச்சிக் குடிப்பதானால், அந்த உயரத்தில் கொதி வந்த பிறகு 3 நிமிடம்.

அங்குள்ள பிள்ளைகளின் தலையில் வட்ட வட்டமாகப் படை இருப்பதைப் படங்களில் பார்த்தேன். இங்கிருந்து களிம்பு அனுப்பலாமா? – மதுரை செவிலியர் ஒருவர்

தலையில் வரும் படர்தாமரைக்குக் களிம்பு உதவாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பூஞ்சை முடியின் உள்ளே இருக்கிறது. மருத்துவர் எடை பார்த்துத் தரும் கிரிசியோஃபுல்வின் போன்ற மாத்திரை, ஆறிலிருந்து எட்டு வாரம், கொழுப்புள்ள உணவோடு. இரண்டாவது வாரம் படை மங்கியதும் நிறுத்திவிடுவார்கள். ஆறாவது வாரம் திரும்பி வரும். பரவுவது முடிவெட்டும் இயந்திரத்தால். ஒரே சனிக்கிழமை 40 தலையையும் ஒரே கத்தியால் மழித்தால் ஒருவரின் படை எல்லோருக்கும் சொத்து. படை உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் வையுங்கள், அவர்களைக் கடைசியில் உட்கார வையுங்கள்.

சொறிசிரங்குக்கு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. அரிக்கிறவனுக்கு மட்டும் பூசினால் வீண். பிள்ளைகள், பணியாளர், இரவுக் காவலர் என்று அனைவரும் ஒரே இரவில் கழுத்துக்குக் கீழே முழுவதும், சின்னக் குழந்தைகளுக்குத் தலையிலும் பூசி, காலையில் கழுவி, ஏழாம் நாள் மறுபடி பூச வேண்டும். துவைக்க முடியாத போர்வையைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்தால் பூச்சி சாகும். அரிப்பு இரண்டு மூன்று வாரம் நீடிக்கும், அதைப் பார்த்துத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்காதீர்கள்.

‘ஃபுன்ஸா’ என்பது நமக்குப் பழக்கமில்லாதது. மண்ணில் வாழும் தெள்ளுப்பூச்சி, கால்விரல் இடுக்கில் துளைத்துப் புகுந்து, உள்ளேயே முட்டை நிறைந்து பருக்கும். ஊக்கால் குத்தி எடுப்பது ஊர் வழக்கம். ஒரே ஊசி பல காலுக்குப் போனால் எச்.ஐ.வி. தொற்றும், துருவால் அல்லாமல் மண்ணால் டெட்டனஸ் வரும். டைமெதிகோன் எண்ணெய் தடவினால் பூச்சி மூச்சடைத்துச் சாகும். நிரந்தரத் தீர்வு சிமெண்டுத் தரையும் செருப்பும்.

விடுமுறைக்கு விக்டோரியா ஏரிப் பக்கம் வீட்டுக்குப் போய் வந்த பிள்ளைக்கு இரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டால் சளி என்று விடாதீர்கள். மேட்டுநிலத்தில் மலேரியா குறைவு என்பதால்தான் தவறவிடுகிறார்கள். அன்றே இரத்தப் பரிசோதனை. மருந்து ஆர்டிமெதர்-லூமெஃபான்ட்ரின், மூன்று நாளில் 6 வேளை. இரண்டாம் வேளை முதல் வேளைக்கு 8 மணி நேரம் கழித்து, அதாவது பெரும்பாலும் நள்ளிரவில் வரும். தூங்கட்டும் என்று விடுவது அந்த வேளையைத்தான். பாலோடு கொடுங்கள்.

எச்.ஐ.வி. உள்ள பிள்ளைகளைத் தனியாகப் படுக்க வைக்க வேண்டுமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

வேண்டாம். தட்டும் தனி இல்லை, கட்டிலும் தனி இல்லை. தனியாக இருக்க வேண்டியது மருந்து கொடுக்கும் இடம் மட்டும். சாப்பாட்டுக் கூடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மாத்திரை கொடுத்தால் ஒரே வாரத்தில் பள்ளி முழுக்கத் தெரியும். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், உணவோடானால் சேர்த்துக் கொடுக்கலாம். காயத்தைக் கட்ட எந்தப் பிள்ளைக்கும் கையுறைதான். யாருக்கு இருக்கிறது என்று பார்த்து அணிவது பாதுகாப்பும் அல்ல, மரியாதையும் அல்ல.

பெண்பிள்ளைகள் படுக்கும் அறையை இரவில் வெளியே பூட்டிவிடுவார்களாமே? – வேலூர் வாசகர்

பூட்டவே கூடாது. 2001 மார்ச்சில் மச்சாகோஸ் பகுதியில் கியாங்குலி பள்ளி விடுதி தீப்பிடித்தபோது 67 மாணவர்கள் இறந்தார்கள். ஒரு கதவு பூட்டியிருந்தது, சன்னல்களில் கம்பி. அதன்பின் 2008-இல் வந்த பள்ளிப் பாதுகாப்பு விதிகள் இல்லங்களுக்கும் நல்ல அளவுகோல். அறையின் இரு முனையிலும் கதவு, அகலம் 5 அடி, வெளிப்பக்கம் திறக்க வேண்டும். சன்னலில் கம்பி இல்லை. கட்டில்களுக்கு நடுவே 1.2 மீட்டர், நடைபாதை 2 மீட்டர். திருடனுக்குப் பயந்தால் வளாகச் சுவரைப் பலப்படுத்துங்கள், விழித்திருக்கும் இரவுப் பணியாளரை வையுங்கள். மாதம் ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல் இரவில் மணியடித்து எல்லோரும் வெளியே வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதுங்கள். கைக்குழந்தையை யார் தூக்குவது என்பதில்தான் முதல் முறை குழப்பம் வரும்.

படுக்கை நனைக்கும் பிள்ளைகள் பற்றியும் இதே வாசகர் கேட்கிறார். புதிதாக வந்தவர்களில் 10 வயதுப் பிள்ளைக்கும் இது இருக்கும். மெத்தைக்கு ரெக்சின் உறை, ஆளுக்கு இரண்டு மாற்று விரிப்பு, காலையில் தானே கொண்டுபோய்ப் போட ஒரு மூடிய தொட்டி. விரிப்பை எல்லோரும் பார்க்கும் கொடியில் காயப்போடாதீர்கள்.

எங்கள் சபையிலிருந்து 14 பேர் பத்து நாள் ஊழியப் பயணம் போகிறோம். பிள்ளைகளோடு தங்கி விளையாட ஆசை. – சென்னை வாலிபர் குழு

ஆசை புரிகிறது. ஆனால் அம்மாவை இழந்த பிள்ளையிடம் பத்து நாள் ஒட்டிக்கொண்டு, பதினோராம் நாள் விமானம் ஏறுகிறீர்கள். வருடத்தில் ஐந்து குழு வந்தால் அந்தப் பிள்ளை ஐந்து முறை கைவிடப்படுகிறது. யார் வந்தாலும் ஓடிவந்து கட்டிப்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து “எவ்வளவு அன்பு” என்கிறோம். அது அன்பில்லை, யாரிடம் ஒட்டுவது என்று தெரியாத காயம்.

போங்கள், ஆனால் பணியாளருக்கு உதவப் போங்கள். தொட்டிக்குக் குழாய் பதியுங்கள், சமையல்காரருக்கு ஒரு வாரம் விடுப்புக் கிடைக்க அடுப்படியில் நில்லுங்கள். ஒவ்வொருவரும் காவல்துறைச் சான்றிதழ் கொண்டு போங்கள், பணியாளர்களிடம் அங்கே கேட்கும் நன்னடத்தைச் சான்றிதழுக்கு அது சமம். படுக்கை அறைக்குள் விருந்தினர் போவதில்லை. பிள்ளையோடு தனி அறையில் இருப்பதில்லை. முகம் தெரியும் படம், பெயர், ஊர், ‘இவள் கதை’ ஒன்றும் முகநூலில் ஏறக்கூடாது. அவள் கதையை அவள் 20 வயதில் தேடிப் படிப்பாள். பரிசுப் பொருட்களைப் பொறுப்பாளர் கையில் கொடுங்கள். நீங்கள் நேராகக் கொடுத்தால் இரவே சண்டை வரும், உங்களுக்குப் பிடித்த பிள்ளை அடி வாங்கும்.

பிள்ளைகள் பணியாளரை எப்படிக் கூப்பிடுவது நல்லது? – டோனாவூர் அருகிலிருந்து ஒரு வாசகி

உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்தபோது, பணிசெய்த இந்தியப் பெண்கள் ‘அக்கா’, வெளிநாட்டுப் பெண்கள் ‘சித்தி’. கென்யாவில் ‘ஆண்ட்டி’, ‘அங்கிள்’ சகஜம். ‘மாமா’ என்றால் சுவாஹிலியில் அம்மா, நம் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். உயிரோடு அம்மா இருக்கும் பிள்ளையை உங்களை அப்படிக் கூப்பிடச் சொல்லிப் பழக்காதீர்கள். தானாகக் கூப்பிட்டால் தடுக்கவும் வேண்டாம்.

எல்லாப் பிள்ளைகளும் ஜெபத்துக்கு வந்தே ஆக வேண்டுமா? – சிவகாசி வாசகர்

கென்ய அரசியல் சட்டத்தின் 32-ஆம் பிரிவு எவரையும் தன் நம்பிக்கைக்கு மாறான செயலுக்குக் கட்டாயப்படுத்தத் தடை செய்கிறது. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை இல்லத்தில் இருந்தால் அவன் தொழுகைக்கும் ரமலான் நோன்புக்கும் இடம் கொடுங்கள். மற்றவர்களுக்கு மாலை ஜெபம் 20 நிமிடம் போதும். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கையில் நீளமாக ஜெபித்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பொறுமையை அல்ல. தண்டனையாக வசனம் எழுத வைக்காதீர்கள்.

ஜனவரியில் மட்டும் ஏன் இல்லங்களிலிருந்து அவசரக் கடிதம் வருகிறது? – மும்பை தாங்குநர்

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. சீருடை, காலணி, நோட்டு, மேல்நிலை விடுதிப் பிள்ளைக்கு மெத்தையும் பெட்டியும் எல்லாம் ஒரே வாரத்தில். இது ஆண்டுதோறும் தெரிந்த செலவு. எனவே மாதக் காணிக்கையில் ஒரு பங்கைப் பிப்ரவரி முதலே ஒதுக்காத நிர்வாகத்திடம் அதைக் கேட்கலாம். ஆறாம் வகுப்பு முடிவில் வரும் தேசிய மதிப்பீட்டுக்குப் பதியப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாத பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டு முன்பே குழந்தைகள் அலுவலர் வழியாக விண்ணப்பியுங்கள்.

பணத்தை எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவையில் அனுப்பினால் இல்லத்தின் பெயரிலுள்ள பே-பில் எண்ணுக்கு, அதாவது நிறுவனக் கணக்கு எண்ணுக்கு அனுப்புங்கள். நிர்வாகியின் சொந்தச் செல்பேசி எண்ணுக்கு வேண்டாம். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் கணக்கும் கூடவே போய்விடும்.

பாட்டி கிடைத்துவிட்டார், பிள்ளையை அனுப்பலாம் என்கிறார்கள். எப்படி அனுப்புவது? – எங்கள் தாங்குநர் ஒருவர்

அவசரப்படாமல். சமூகப் பணியாளர் முதலில் இரண்டு முறையாவது வீட்டுக்குப் போக வேண்டும், அதில் ஒன்று சொல்லாமல் போவது. யார் யார் அந்த வீட்டில் இரவு தூங்குகிறார்கள், பள்ளி எத்தனை தூரம், முன்பு பிள்ளை ஏன் பிரிந்தது, அந்தக் காரணம் தீர்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு பாட்டி இல்லத்துக்கு வர வேண்டும். அடுத்து ஏப்ரல் விடுமுறையில் ஒரு வாரம், ஆகஸ்டில் மூன்று வாரம். திரும்பி வந்த பிள்ளையிடம் தனியாகப் பேசுங்கள், எடை பாருங்கள். குழந்தைகள் அலுவலர் ஒப்புதலும் நீதிமன்ற ஆணையும் வந்தபின், பள்ளிப் பருவம் தொடங்குமுன் அனுப்புங்கள். பருவத்தின் நடுவில் அனுப்பினால் பள்ளியில் இடம் கிடைக்காமல் பிள்ளை வீட்டில் நிற்கும்.

பள்ளிக் கட்டணத்தைப் பள்ளிக்கே நேராகக் கட்டுங்கள். பாட்டிக்கு உதவி என்றால் கோழி, விதை, தகரம் என்று வீடு முழுவதற்குமாக இருக்கட்டும். அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் புதுச் செருப்பு வந்தால் கூட இருக்கும் நான்கு பேரப்பிள்ளைகள் அவனை நிம்மதியாக இருக்க விடமாட்டார்கள். முதல் மாதம் வாரம் ஒரு தொலைபேசி, மாதம் ஒரு நேர்ப் பார்வை, ஓர் ஆண்டு வரை. பெரும்பாலும் சிக்கல் வருவது மூன்றாவது மாதத்தில், பரிசு தீர்ந்து பழைய வறுமை தெரியும்போது.

பையில் போக வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ் அசல், தடுப்பூசி அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், நீதிமன்ற ஆணை நகல், மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு மூன்று மாத மருந்தும் அடுத்த மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதமும், கொசுவலை, போர்வை, இல்லத்தில் எடுத்த படங்கள், வந்த அன்று போட்டிருந்த அந்தப் பழைய உடை.